பணம் இருக்கிறது, அனுமதி இல்லை: அமெரிக்க அரசு முடக்கம் என்றால் என்ன?

2025 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் பல விமான நிலையங்களில் சிலர் வாசலில் நின்று பயணிகளிடம் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த விமானம் எப்போது கிளம்பலாம், எந்த ஓடுபாதையில் இறங்கலாம், வானத்தில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளிப் பறக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து சொல்கிறார்களே, அந்த ஊழியர்கள்தான் அவர்கள். அன்று அவர்களுக்குச் சம்பள நாள். சம்பளச் சீட்டும் வந்திருந்தது. கைக்கு வரும் தொகை என்ற இடத்தில் பூஜ்ஜியம். ஆனாலும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. மற்ற நேரத்தில் வாசலில் நின்று, எங்கள் நிலைமையை உங்கள் எம்.பி.யிடம் சொல்லுங்கள் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செய்தி டி.வி.யில் ஓடிய நாட்களில் என் அத்தை போனில் கேட்டார்: "ஏன்டா, அமெரிக்காகிட்டயே காசு இல்லையா?" நியாயமான கேள்வி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அரசு மூடப்பட்டது என்றால் கஜானா காலி என்றுதானே தோன்றும். ஆனால் விஷயம் அது இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொண்டால், அமெரிக்க மக்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலிருந்தும் பராமரிப்புக் கட்டணம் வசூலாகி, சங்கத்தின் வங்கிக் கணக்கில் பணம் கிடக்கிறது. ஆனால் காசோலையில் செயலாளரும் பொருளாளரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். இருவருக்கும் சண்டை. லிஃப்ட்டை மாற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார் ஒருவர். லிஃப்ட் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார் மற்றவர். மாதம் பிறந்துவிட்டது. காவலாளி இல்லாமல் இருக்க முடியாது என்பதால், அவரைச் சம்பளம் இல்லாமலே வரச் சொல்கிறார்கள். பெருக்கித் துடைக்கும் அம்மாவை, அடுத்து சொல்லும்வரை வர வேண்டாம் என்கிறார்கள். சண்டை போடும் இருவர் வீட்டிலும் தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது. அமெரிக்க அரசு முடக்கம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். 'ஷட்டவுன்' என்று செய்திகளில் சொல்வது இதைத்தான்.

அனுமதி யார் கொடுக்க வேண்டும்?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சட்டம் போட்டு ஒதுக்கினால் ஒழிய, கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். சட்டம் போடுவது காங்கிரஸின் வேலை. நம்மூர்க் கட்சிப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நாடாளுமன்றத்துக்கே காங்கிரஸ் என்றுதான் பெயர். அதில் இரண்டு அவைகள்: 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட். இரண்டிலும் மசோதா நிறைவேற வேண்டும், அப்புறம் அதிபர் கையெழுத்திட வேண்டும்.

அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேறியிருக்க வேண்டும். பாதுகாப்புக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கும் வீட்டு வசதிக்கும் சேர்த்து ஒன்று, இப்படி. இன்றுள்ள பட்ஜெட் முறை 1974-ல் வந்த ஒரு சட்டத்தால் அமைந்தது. அந்த முறை நடைமுறைக்கு வந்த பிறகு, எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களையும் காங்கிரஸ் சரியான நேரத்துக்குள் முடித்தது மொத்தம் நான்கே தடவை. கடைசித் தடவை 1996-ல். அன்று பிறந்த குழந்தைக்கு இன்று ஏறக்குறைய முப்பது வயது. உலகத்தின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் வரவு செலவை முடிவு செய்ய வேண்டியவர்கள், தங்கள் முதல் கடமையை இத்தனை ஆண்டுகளாக ஒரு தடவைகூட நேரத்துக்கு முடிக்கவில்லை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

சரி, முடிக்காவிட்டால் என்ன செய்கிறார்கள்? "தற்காலிகத் தொடர் தீர்மானம்" என்று ஒன்றைப் போடுகிறார்கள். புது பட்ஜெட் தயாராகும்வரை, போன வருடம் எவ்வளவு செலவழித்தீர்களோ அதே அளவில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதற்கு ஒரு கெடு இருக்கும். ஆறு வாரம், மூன்று மாதம் என்று. கெடு வரும்போது இன்னொன்று போடுவார்கள். புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது, தேவையற்றதை நிறுத்தவும் முடியாது. ஆனாலும் அலுவலகங்கள் திறந்திருக்கும். அந்தத் தற்காலிகத் தீர்மானத்தைக்கூட நிறைவேற்ற முடியாமல் போனால்தான் முடக்கம்.

ஏன் அதைக்கூட நிறைவேற்ற முடிவதில்லை? முக்கியக் காரணம் செனட்டின் ஒரு விதி. பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேரின் ஆதரவு வேண்டும். இந்தக் காலத்தில் எந்தக் கட்சிக்கும் செனட்டில் 60 இடம் கிடைப்பது அபூர்வம். அதனால் எதிர்க்கட்சியிலிருந்து சிலர் வந்தாக வேண்டும். அவர்கள் சும்மா வர மாட்டார்கள், ஏதாவது கேட்பார்கள். அல்லது, ஆளும் தரப்பிலேயே ஒரு பிரிவோ அதிபரோ ஏதாவது கேட்டு அடம் பிடிப்பார்கள். பிடிவாதம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், வந்தும் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடன் உச்சவரம்பு என்று அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு பிரச்சினை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளுக்குக் கடன் வாங்க எவ்வளவு வரை போகலாம் என்ற எல்லை அது. அதில் சிக்கல் வந்தால் உலகச் சந்தையே ஆடும். முடக்கம் அப்படியில்லை, அது வலிப்பது வேறு இடத்தில்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான்.

19-ம் நூற்றாண்டில் அமெரிக்க அரசுத் துறைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு வருடத்துக்குக் கொடுத்த பணத்தைச் சில மாதங்களில் செலவழித்துவிட்டு, கடன் ஏறிவிட்டது, கொடுத்தே ஆக வேண்டும் என்று காங்கிரஸின் முன் வந்து நிற்பார்கள். இதைத் தடுக்க 1884-ல் ஒரு சட்டம் வலுப்படுத்தப்பட்டது. ஒதுக்காத பணத்தைச் செலவழிப்பதாக எந்த அதிகாரியும் வாக்குக் கொடுக்கக் கூடாது; அரசுக்காக யாரும் இலவசமாக வேலை செய்வதையும் ஏற்கக் கூடாது, பின்னால் கூலி கேட்டு வருவார்கள் என்பதால். நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான்.

இந்தச் சட்டம் இருந்தும் கிட்டத்தட்ட நூறு வருடம் அலுவலகங்கள் மூடப்படவில்லை. 1970-களின் பிற்பகுதியில்கூடப் பல தடவை ஒதுக்கீடு தாமதமானது. சிக்கனமாக இருங்கள், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், எப்படியும் பணம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள்.

1980-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசில் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு சட்டக் கருத்து எழுதினார். 1884-ன் சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால், ஒதுக்கீடு இல்லாத துறை வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்றார். அந்த ஆண்டு மே 1-ம் தேதி, வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. அதுதான் தொடக்கம். மறு ஆண்டு ஜனவரியில் அவரே இன்னொரு கருத்தில் விதிவிலக்குகளைச் சேர்த்தார்: மனித உயிரையும் சொத்தையும் பாதுகாக்கும் வேலைகள் தொடரலாம் என்று. இன்று யார் வேலைக்கு வர வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்ற பாகுபாடு அங்கிருந்து பிறந்ததுதான்.

சிவிலெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தில் இருந்ததை அவர் படித்துச் சொன்னார். கதவை மூடிவிடுவோம் என்ற பயம் இருந்தால் காங்கிரஸ் நேரத்துக்கு வேலையை முடிக்கும் என்று நினைப்பது அன்று இயல்பாகத்தான் இருந்திருக்கும். நடந்தது நேர்மாறு. பயமுறுத்த இருந்த கதவு, பேரத்துக்கான கருவியாகிவிட்டது. இது இவ்வளவு நாள் நீளும், அரசியலுக்காகப் பயன்படுத்தப்படும் என்று தான் எண்ணிப் பார்த்ததே இல்லை என்று 2019-ல் அவரே வருத்தப்பட்டார்.

அப்புறம் வந்தவை வரிசையாக நினைவில் நிற்கின்றன. 1995-ன் இறுதியில் அதிபர் பில் கிளிண்டனும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் மோதி, முதலில் 5 நாள், பிறகு 21 நாள். 2013 அக்டோபரில் ஒபாமாகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தச் சொல்லி 16 நாள். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, மெக்சிகோ எல்லைச் சுவருக்கு டொனால்ட் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டு 35 நாள். 2025-ல் ஒபாமாகேர் காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டிக்கச் சொல்லி ஜனநாயகக் கட்சியினர் ஆதரவு தர மறுக்க, அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். அதுவரை வந்ததிலேயே நீண்டது அதுதான்.

கதவு மூடும் அன்று என்ன நடக்கும்?

எல்லாம் நின்றுவிடாது. முதியோர் ஓய்வூதியம் தொடர்ந்து போகும், ஏனென்றால் அதற்கு ஆண்டுதோறும் புது அனுமதி தேவையில்லை. தபால் வரும், தபால் துறை தன் வருமானத்திலேயே ஓடுகிறது. ராணுவம், எல்லைக் காவல், விமான நிலையப் பாதுகாப்பு, சிறைக் காவலர்கள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், தனி ஏற்பாடு செய்தால் ஒழிய சம்பளம் மட்டும் வராது.

மற்றவர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்படுவார்கள். அந்த விடுப்பு நாம் நினைக்கும் விடுமுறை மாதிரி இல்லை. ஒதுக்கீடு முடிந்த மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, சில மணி நேரத்துக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி, தானியங்கிப் பதில் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, கிளம்ப வேண்டும். அதற்கப்புறம் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதுகூடத் தவறு. ஆர்வத்தில் வீட்டிலிருந்து ஓர் ஆய்வறிக்கையை முடித்துக் கொடுத்தாலும், அது சட்டம் தடை செய்த இலவச வேலை. இந்தச் சட்டத்தைத் தெரிந்தே மீறும் அரசு அலுவலருக்கு அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்க இடம் இருக்கிறது. அப்படி யாரையும் சிறையில் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தப் பயம் உண்மையானது. வேலை செய்ய விரும்புகிறவர் செய்யக் கூடாது, வீட்டில் இருக்க வேண்டிய நிலையில் உள்ளவர் சம்பளம் இல்லாமல் வந்தே ஆக வேண்டும். இரண்டு கொடுமையும் ஒரே சட்டத்தில்.

எந்த மசோதா நிறைவேறவில்லை என்பதைப் பொறுத்து பாதிப்பு மாறும். 2018-19-ல் 12-ல் 5 மசோதாக்கள் முன்பே நிறைவேறியிருந்தன. அதனால் பாதுகாப்புத் துறையும் தொழிலாளர் துறையும் வழக்கம்போல நடந்தன. கடலோரக் காவல் படை மட்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்ததால் மாட்டிக்கொண்டது. கடலில் ஆட்களைக் காப்பாற்றும் படையினர் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள். 2013-லும் 2025-லும் தொழிலாளர் துறைக்கும் பணம் இல்லை. அதனால் எச்-1பி விசாவுக்கு முதல் படியான அந்தத் துறையின் சான்று வழங்கும் வேலை நின்றது. அமெரிக்காவில் வேலை மாற நினைத்த, விசா நீட்டிப்புக்குக் காத்திருந்த நம்மவர்கள் பலர் இதை நேரடியாக உணர்ந்திருப்பார்கள். வாஷிங்டனில் நடக்கும் சண்டை நமக்கென்ன என்று அவர்களால் இருக்க முடியவில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம். விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் ஒரு பெண் ஊழியர், இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 1-ல் முடக்கம் என்றால், நடுவில் வரும் முதல் சம்பளம் பாதியாக வரும், செப்டம்பர் நாட்களுக்கு மட்டும். அடுத்தது பூஜ்ஜியம். அதற்கடுத்ததும் பூஜ்ஜியம். இதற்குள் நவம்பர் வீட்டு வாடகை வந்துவிடும். கார்க் கடன் தவணை வந்துவிடும். வேலைக்குப் போக காரில் பெட்ரோல் போட வேண்டும், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்கிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்குப் போவதற்கே கையிலிருந்து செலவழிக்க வேண்டிய நிலை. 2019-ல் சம்பளச் சீட்டின் பூஜ்ஜியத்தைப் படம் எடுத்துப் பலர் இணையத்தில் போட்டார்கள். அந்த ஜனவரியில் சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸின் அமைப்பு வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் அரசு ஊழியர்களுக்காக இலவச உணவுக்கூடம் திறந்தது. வெள்ளை மாளிகையும் காங்கிரஸ் கட்டடமும் இருக்கும் அதே சாலை. அரசு அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வரிசையில் நின்றவர்களின் படங்கள் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

பின்னால் சம்பளம் வரும் என்பது உண்மைதான். 2019-ல் போட்ட ஒரு சட்டப்படி, முடக்கம் முடிந்ததும் விடுப்பில் இருந்தவர்களுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2025-ல் அதையே வெள்ளை மாளிகை தரப்பு சந்தேகத்துக்கு உள்ளாக்கியபோது, பல குடும்பங்கள் தூக்கம் இழந்திருக்கும். ஆனால் தாமதக் கட்டணத்தை யார் திருப்பித் தருவார்கள்? கடன் அட்டையின் வட்டியை? அப்புறம், அரசுக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும், உணவகம் நடத்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. போன நாள் அவர்களுக்குப் போனதுதான். அரசிடம் நேரடியாக வேலை பார்க்காததால் அவர்களின் எண்ணிக்கையும் செய்திகளில் வருவதில்லை.

2025-ல் இன்னொரு எல்லையும் தாண்டப்பட்டது. ஏழைகளுக்கான ஸ்நாப் உணவு உதவித் திட்டத்தில் அப்போது ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் இருந்தார்கள், எட்டில் ஒருவர். முந்தைய முடக்கங்களில் அது நின்றதில்லை. அந்த நவம்பரில் நின்றது. அவசர நிதியை எடுத்துக் கொடுங்கள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டன, அரசு மேல்முறையீடு செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு மாநிலத்தில் அட்டையில் பணம் ஏறியது, இன்னொன்றில் ஏறவில்லை. கடையில் பொருட்களை எடுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு வந்த பிறகு அட்டையில் எதுவும் இல்லை என்று தெரிந்து, குழந்தையின் முன்னால் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? பட்ஜெட் என்ற சொல்லே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

இதனால் பணமாவது மிச்சமாகிறதா என்றால், அதுவும் இல்லை. செய்ய விடாமல் தடுத்த வேலைக்குத்தான் பின்னால் சம்பளம் கொடுக்கிறார்கள். 2013-ன் 16 நாளில் மட்டும் ஊழியர்கள் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் 66 லட்சம் வேலை நாட்கள். அதன் மதிப்பு சுமார் 200 கோடி டாலர் என்று அரசே கணக்குச் சொன்னது. 2018-19 முடக்கத்தில் பொருளாதாரம் இழந்து, திரும்பக் கிடைக்காமலே போனது 300 கோடி டாலர் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

கோபம் யார் மீது?

2013 அக்டோபர் 1-ம் தேதி, முடக்கத்தின் முதல் நாள். மிசிசிப்பியிலிருந்து இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட முதியவர்கள் வாஷிங்டனில் உள்ள போர் நினைவிடத்தைப் பார்க்க வந்தார்கள். பலர் சக்கர நாற்காலியில். நினைவிடம் திறந்தவெளிதான், ஆனால் பூங்காத் துறைக்குப் பணம் இல்லாததால் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்பை நகர்த்தி முதியவர்களை உள்ளே விட்டார்கள். மறுநாள் அங்கே டெக்சாஸைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் வந்தார். காவலுக்கு நின்ற பூங்கா ஊழியரான ஒரு பெண்ணிடம், கேமராக்களின் முன்னால், நீங்கள் வெட்கப்பட வேண்டும் என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் அன்று சம்பளம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த உறுப்பினரோ, முடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய கட்சி நிலைப்பாட்டுக்கு வாக்களித்தவர். பக்கத்தில் நின்ற ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அவரும் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்ட, முப்பது ஆண்டு அனுபவமுள்ள அரசு ஊழியர். இந்தப் பெண் தன் வேலையைச் செய்கிறார். பட்ஜெட்டை நிறைவேற்றும் வேலையைச் செய்யாதவர்கள் நீங்கள்தான் என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டார்.

மக்களின் கோபத்தை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சி வேறு இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், காங்கிரஸ் சரியாகச் செயல்படுகிறது என்றவர்கள் 9 சதவீதம் பேர்தான். அந்தக் கணிப்பின் வரலாற்றிலேயே அவ்வளவு கீழே போனதில்லை.

கோபத்துக்கு இன்னொரு காரணம் உறுப்பினர்களின் சம்பளம். ஆண்டுக்கு 1,74,000 டாலர். முடக்கத்தின்போதும் அது நிற்காது. அவர்களின் சம்பளம் ஆண்டுதோறும் போடும் ஒதுக்கீட்டில் வருவதில்லை, நிரந்தர ஒதுக்கீட்டில் வருகிறது. தவிர, உறுப்பினர்களின் ஊதியத்தை அடுத்த தேர்தலுக்கு முன் மாற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 27-வது திருத்தம் சொல்கிறது. தங்களுக்குத் தாங்களே உடனடியாகச் சம்பளத்தை ஏற்றிக்கொள்வதைத் தடுக்க வந்த விதி, இப்போது அவர்களுக்குப் பாதுகாப்பாக நிற்கிறது. சிலர் தாங்களாகவே சம்பளத்தை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள், சிலர் நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். அது அவரவர் மனசாட்சி. காவலாளிக்கு அப்படியொரு தேர்வு இல்லையே.

2025-ல் இது இன்னும் மோசமாகத் தெரிந்தது. பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19-ல் வாக்களித்துவிட்டுக் கலைந்தது. எங்கள் வேலையை முடித்துவிட்டோம், இனி செனட்டின் பாடு என்றது அதன் தலைமை. அடுத்த வாக்கெடுப்புக்கு அவர்கள் கூடியது நவம்பர் 12-ல். செனட் கூடியது, ஆனால் அதே மசோதாவை 14 தடவை வாக்கெடுப்புக்கு விட்டு 14 தடவையும் தோற்றது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் அந்த வாரங்கள் முழுக்க வேலைக்கு வந்தார்கள்.

இவ்வளவு பாடுபடுத்தி, கேட்டது கிடைத்ததா? 2013-ல் ஒபாமாகேர் நிற்கவில்லை. 2019-ல் 570 கோடி கேட்ட இடத்தில், பிறகு காங்கிரஸ் ஒதுக்கியது 137.5 கோடி டாலர். 2025-ல் மானியம் நீட்டிக்கப்படவில்லை. செனட்டில் ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதிதான் கிடைத்தது. கேட்டவர்களின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. அந்த மானியம் பல குடும்பங்களுக்கு உயிர்ப் பிரச்சினை என்பதே என் எண்ணம். ஆனால் முடக்கம் என்ற வழியில் போய் அதை வாங்க முடியவில்லை.

எது முடித்துவைக்கிறது?

பெரும்பாலும் விமானங்கள். 2019 ஜனவரி 25-ம் தேதி காலை, சில மையங்களில் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு சிலர் வராததால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன. அன்று பிற்பகலே டிரம்ப் முடக்கத்தை முடிப்பதாக அறிவித்தார். 2025 அக்டோபர் 6-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் விமான நிலையக் கோபுரத்தில் பல மணி நேரம் ஆளே இல்லை. நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு வந்தது. நவம்பர் 9, ஞாயிறு அன்று ஒரே நாளில் 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. அன்றிரவு செனட்டில் தேவையான 60 வாக்கு கிடைத்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. உணவு அட்டை காலியானவர்களின் வலிக்கு இவ்வளவு வேகம் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தியாவில் ஏன் இப்படி நடப்பதில்லை என்று கேட்கலாம். இங்கேயும் நாடாளுமன்றம் அனுமதிக்காமல் பணம் எடுக்க முடியாது. ஆனால் பெரும்பான்மை இருப்பவர்தான் பிரதமர். பண மசோதா மக்களவையில் தோற்றால் அரசே பதவி விலக வேண்டியிருக்கும். தேர்தல் நேரத்தில் சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவார்கள். தோற்றால் தலைவர்களின் பதவி போகும், ஊழியர்களின் சம்பளம் போகாது. அமெரிக்காவில் அதிபரும் காங்கிரஸும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒருவர் மற்றவரை இந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1975-ல் ஆஸ்திரேலியாவில் செனட் பணத்தை மறித்தபோது, கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் கஃப் விட்லமையே பதவி நீக்கம் செய்தார்; தேர்தல் வந்தது. அந்த முடிவின் சரி தவறு பற்றி அங்கே இன்றும் பேச்சு ஓயவில்லை. ஆனால் முடிவு மக்களிடம் போனது.

அமெரிக்காவிலேயே தீர்வுக்கு உதாரணம் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் புது பட்ஜெட் தாமதமானால், பழைய பட்ஜெட்டின் அளவு தானாகவே தொடரும். எந்த அலுவலகமும் மூடப்படாது. இதையே நாடு முழுவதுக்கும் கொண்டுவர காங்கிரஸில் பல தடவை மசோதா வந்திருக்கிறது, நிறைவேறவில்லை. தானாகத் தொடரும் என்றால் பட்ஜெட் போடவே யாரும் அவசரப்பட மாட்டார்கள், பணத்தின் மீதான காங்கிரஸின் பிடி தளர்ந்துவிடும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இப்போது மட்டும் அவசரம் எங்கே இருக்கிறது? 1996-க்குப் பிறகு ஒரு தடவையாவது நேரத்துக்கு முடித்திருந்தால் அந்த வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

2025 நவம்பர் 12 இரவு டிரம்ப் கையெழுத்திட்டதும், மறுநாள் காலை ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆறு வாரமாகப் படிக்காத மின்னஞ்சல்களைத் திறந்து, நின்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள். 12 மசோதாக்களில் 3 மட்டுமே ஆண்டு முழுவதற்கும் முடிந்திருந்தன. மீதி ஒன்பதுக்கும் கொடுத்தது தற்காலிக அனுமதி. அவர்களை உள்ளே விட்ட அதே சட்டத்தில் அடுத்த கெடுவும் எழுதியிருந்தது: 2026 ஜனவரி 30.